பெருங்குடற் புற்றுநோய்: காரணமும் கண்டறிதலும் சிகிச்சையும் – ஒரு சமூகவியல் நோக்கு

1. தோற்றுவாய்

தமிழ்ச் சங்கமொன்றின் ஆய்விதழிலே பெருங்குடற் புற்றுநோய் பற்றிய கட்டுரையொன்று இடம்பெறுவது வாசகர் சிலருக்கு வியப்பளிக்கலாம். இலக்கிய ஆய்வாளருக்கு மருத்துவத்தில் என்ன அலுவல் என்ற வினாவும் எழலாம். நோயைக் கண்டறிவதும் குணப்படுத்துவதும் மருத்துவரின் பணி என்பதில் எமக்குக் கருத்து வேறுபாடில்லை. எனினும், ஒரு நோய் எவ்வாறு பேசப்படுகின்றது, எவ்வாறு பேசாது மறைக்கப்படுகின்றது, அதனைப் பற்றிய அறிவு யாரைச் சென்றடைகின்றது, யாரைச் சென்றடையாது நின்றுவிடுகின்றது என்னும் வினாக்கள் மொழியையும் சமூகத்தையும் ஆராய்வோருக்கும் உரியனவாகும்.

இத்தகைய நோக்கு புதியதன்று. நோயின் மூலத்தை உயிர்க்கலங்களின் சீர்குலைவிலே தேடவேண்டும் என்பதை 1858 ஆம் ஆண்டு வெளிவந்த தமது நூலின் வாயிலாக நிலைநிறுத்தியவர் ஜேர்மானிய மருத்துவ அறிஞர் றுடொல்ப் விர்க்கோ. அவரே அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்னர், 1848 இல், மேல் சிலேசியாவிற் பரவிய தைபசுக் காய்ச்சலை ஆராய்ந்து, கல்வியும் அரசியல் உரிமையும் பொருளாதார மேம்பாடும் இன்றி அந்நோய் ஒழியாது என எடுத்துரைத்தவருமாவார். கலத்தையும் சமூகத்தையும் ஒருங்கே நோக்கிய அப்பார்வையே இக்கட்டுரைக்கு வழிகாட்டியாக அமைகின்றது.

சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகத்தின் மதிப்பீட்டின்படி, 2022 ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 19 இலட்சம் பேர் பெருங்குடல், நேர்குடல் ஆகியவற்றின் புற்றுநோய்க்கு ஆளாயினர். ஏறத்தாழ 9 இலட்சம் பேர் அதனால் இறந்தனர். உயிரிழப்பை விளைவிக்கும் புற்றுநோய்களுள் நுரையீரற் புற்றுநோய்க்கு அடுத்த நிலையில் இருப்பது இதுவே. ஆயினும் இந்நோய்க்குத் தனித்துவமானதோர் இயல்பு உண்டு. அது மெதுவாக உருவாவது. தீங்கற்ற ஒரு சிறு முளை கொடிய புற்றாக மாறுவதற்குப் பொதுவாகப் பத்தாண்டுகளோ அதற்கு மேலோ செல்கின்றன. அவ்வளவு நீண்ட அவகாசத்தை நோய் மனிதனுக்கு அளிக்கின்றது. அந்த அவகாசத்தைப் பயன்படுத்தும் வாய்ப்பு யாருக்குக் கிடைக்கின்றது, யாருக்கு மறுக்கப்படுகின்றது என்பதைத் தீர்மானிப்பது பெருமளவுக்குச் சமூக அமைப்பேயாகும். இதனை விளக்குவதே எமது நோக்கம்.

2. நோய் உருவாகும் முறை

பெருங்குடல் ஏறத்தாழ ஒன்றரை மீற்றர் நீளமானது. சிறுகுடலிலிருந்து வரும் சக்கையிலுள்ள நீரையும் உப்புக்களையும் உறிஞ்சுவதும், எஞ்சியதை மலமாகத் திரட்டி வெளியேற்றுவதும் அதன் தொழில்கள். எண்ணிறந்த பக்ரீரியாக்கள் அங்கு வாழ்ந்து, எமது உடல் சமிக்கவியலாத நார்ப்பொருளை நொதிக்கச் செய்கின்றன.

குடலின் உட்சுவரை மூடியுள்ள கலங்கள் சில நாட்களுக்கொரு முறை புதுப்பிக்கப்படுகின்றன. பழையன உதிர, புதியன அவற்றின் இடத்தை எடுக்கின்றன. எப்பொழுது பிரிவது, எப்பொழுது நிறுத்துவது, எப்பொழுது இறப்பது என்பவற்றைக் கலத்தினுள் உள்ள பரம்பரையலகுகள் கட்டுப்படுத்துகின்றன. இடையறாது நிகழும் இப்பிரிவின்போது வழுக்கள் நேர்வதுண்டு. அவற்றுட் பெரும்பாலானவை திருத்தப்படுகின்றன. திருத்தப்படாது எஞ்சும் விகாரங்கள் முக்கியமான பரம்பரையலகுகளைத் தாக்குமிடத்து, கலங்கள் கட்டுப்பாட்டை மீறிப் பெருகத் தொடங்குகின்றன. முதலிலே தோன்றுவது வைத்தியசாலைகளில் 'பொலிப்' என வழங்கும் தசைமுளையாகும். நாற்பது, ஐம்பது வயதைத் தாண்டியோர் பலரிடத்து இவ்வாறான முளைகள் காணப்படுகின்றன. இவற்றுட் பெரும்பாலானவை புற்றுநோயாக மாறுவதில்லை. மாறுபவை எவை என்பதை முன்கூட்டியே உறுதியாகக் கூறவியலாமையினாலேயே, கண்டவுடன் அவை அகற்றப்படுகின்றன.

இப்படிமுறையை 1988 ஆம் ஆண்டிலே அமெரிக்க ஆய்வாளர் பேட் வோகல்ஸ்ரைனும் அவருடன் பணியாற்றியோரும் மூலக்கூற்று நிலையில் விளக்கினர். ஒரு விகாரம் மட்டும் புற்றுநோயை உண்டாக்குவதில்லை. பல விகாரங்கள் ஒன்றன்மேலொன்றாகக் குவிந்த பின்னரே முளையின் கலங்கள் சுவரைத் துளைத்து அயல் இழையங்களினுட் புகும் ஆற்றலைப் பெறுகின்றன. அளவு மாற்றங்கள் குவிந்து பண்பு மாற்றமாக வெளிப்படுதல் பற்றி இயங்கியலிற் கற்றோருக்கு இது பழகிய செய்தியாகத் தோன்றலாம். ஒப்புமையை ஆதாரமாகக் கொள்வது விஞ்ஞானமாகாது. எனினும் நோய் என்பது திடீரென வந்திறங்கும் விதியன்று, தனக்கென ஒரு வரலாற்றையுடைய நிகழ்வு என்பதை இவ்விளக்கம் ஐயத்துக்கிடமின்றிக் காட்டுகின்றது. வரலாறு உடையதாயின், அதன் இடையிலே தலையிடுதலும் இயலும்.

3. காரணங்கள்

ஒரேயொரு காரணத்தைச் சுட்டுவது இந்நோயைப் பொறுத்தவரை பொருந்தாது. வயது முதிர்தல் முதன்மையான காரணி. நீண்டகாலக் குடலழற்சி நோய்கள் ஆபத்தைக் கூட்டுகின்றன. பரம்பரையும் ஓரளவுக்குப் பங்கு கொள்கின்றது.

பரம்பரை பற்றிய அறிவு தோன்றிய முறை எமது கவனத்துக்குரியது. 1895 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக நோயியல் அறிஞர் ஆல்ட்றெட் வார்தின் என்பவரிடம் அவருடைய தையற்காரப் பெண் தமது கவலையைத் தெரிவித்தார். தமது குடும்பத்திற் பலர் புற்றுநோயால் இறந்துள்ளனர் என்றும், தாமும் அவ்வாறே இறக்க நேரும் என்றும் அவர் கூறினார். வார்தின் அச்சொல்லைப் புறக்கணியாது அக்குடும்பத்தின் வரலாற்றைத் திரட்டி 1913 இல் வெளியிட்டார். அப்பெண் தாம் அஞ்சியவாறே இளவயதிற் புற்றுநோயால் இறந்தார். பிற்காலத்தில் ஹென்றி லிஞ்ச் என்னும் மருத்துவர் இத்தகைய குடும்பங்களைத் தொடர்ந்து ஆராய்ந்தமையால், இன்று அது 'லிஞ்ச் நோய்க்குறித் தொகுதி' என வழங்கப்படுகின்றது. கலத்திலே நேரும் வழுக்களைத் திருத்தும் பரம்பரையலகு பிறப்பிலேயே பழுதுற்றிருப்பதே இதன் அடிப்படை என்பது 1993 இல் தெளிவாயிற்று. மருத்துவ வரலாறு பேரறிஞர்களின் பெயர்களாலேயே எழுதப்படுகின்றது. ஆயின், இவ்வறிவின் முதல் ஊற்று ஊசியும் நூலும் கொண்டு உழைத்த ஒரு பெண்ணின் கூர்ந்த அவதானிப்பே என்பதை மறந்துவிடலாகாது.

ஆயினும் இவ்வாறான பரம்பரைத் தொகுதிகளாற் தோன்றுபவை, மொத்தப் பெருங்குடற் புற்றுநோய்களுள் நூற்றுக்கு ஐந்து வீதமளவானவையே. எஞ்சியவற்றை விளக்குவதற்கு மனிதர் வாழும் நிலைமைகளை நோக்க வேண்டியுள்ளது. உகண்டாவிலே நீண்டகாலம் சத்திர சிகிச்சை நிபுணராகப் பணியாற்றிய அயர்லாந்தினரான டெனிஸ் பேர்கிற், 1971 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்விலே, கிராமப்புற ஆபிரிக்கரிடத்து அரிதாகக் காணப்படும் இந்நோய் தொழில்மயமான நாடுகளில் மிகுந்திருப்பதைச் சுட்டி, உணவிலுள்ள நார்ப்பொருளின் அளவை அதற்குக் காரணமாக முன்வைத்தார். நார்ப்பொருளைப் பக்ரீரியாக்கள் நொதிக்கச் செய்யும்போது தோன்றும் பியூற்றிரேற் என்னும் பொருள் குடற்சுவர்க் கலங்களுக்கு ஊட்டமாகவும் காப்பாகவும் அமைகின்றது என்பது பின்னர் அறியப்பட்டது.

2015 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று இதனை மேலும் தெளிவாக்கியது. பிற்ஸ்பேர்க் நகரைச் சேர்ந்த ஆபிரிக்க அமெரிக்கர் 20 பேரும் தென்னாபிரிக்கக் கிராமத்தவர் 20 பேரும் இரு வாரங்களுக்குத் தம் உணவு முறைகளை மாற்றிக்கொண்டனர். முன்னையவர் நார்ப்பொருள் மிகுந்த, கொழுப்புக் குறைந்த உணவை உண்டனர். பின்னையவர் இறைச்சியும் கொழுப்பும் மிகுந்த உணவை உண்டனர். இரண்டே வாரங்களில் குடற்சுவரின் அழற்சியையும் கலப்பெருக்கத்தையும் காட்டும் குறிகாட்டிகள் இரு சாராரிடத்தும் எதிரெதிர்த் திசைகளில் மாறின. இவை நோய் அபாயத்தின் குறிகாட்டிகளேயன்றி நோயல்ல என்பது உண்மை. எனினும், ஒரு குழுவினரிடத்துக் காணப்படும் நோய் மிகுதியை அவர்தம் 'இனவியல்பு' எனத் தள்ளிவிடும் போக்குக்கு இதைவிடச் சிறந்த மறுப்பு வேண்டியதில்லை. அடிமைகளாகக் கடல்கடந்து கொண்டு செல்லப்பட்டோரின் வழித்தோன்றல்களைத் தம் மூதாதையரின் கண்டத்தில் வாழ்வோரிடமிருந்து பிரித்தது குருதியன்று, வரலாறே.

இறைச்சியைப் பொறுத்தவரை, உப்பிட்டும் புகையிட்டும் பதனிடப்பட்ட இறைச்சி வகைகள் மனிதரிற் புற்றுநோயை உண்டாக்குபவை எனச் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2015 இல் வகைப்படுத்தியது. நாளொன்றுக்கு அவற்றை 50 கிராம் உண்பது பெருங்குடற் புற்றுநோய் அபாயத்தை ஏறத்தாழ 18 வீதத்தால் அதிகரிக்கின்றது என அது மதிப்பிட்டது. மதுபானம், புகைத்தல், மிகையான உடற்பருமன், உடலுழைப்பின்மை என்பனவும் நிறுவப்பட்ட காரணிகளாம். அமெரிக்காவிலே 1990 ஆம் ஆண்டளவில் பிறந்தோர், 1950 ஆம் ஆண்டளவில் பிறந்தோர் அதே வயதில் எதிர்கொண்டதைப் போல் இருமடங்கு பெருங்குடற் புற்றுநோய் அபாயத்தை எதிர்கொள்கின்றனர் என 2017 இல் வெளியான ஆய்வு காட்டிற்று. ஒரு தலைமுறைக்குள் பரம்பரையலகுகள் மாறிவிடுவதில்லை. மாறியது வாழ்நிலையே.

இவற்றையெல்லாம் 'வாழ்க்கைப் பாணி' என்னும் தொடரால் குறிப்பிடுவது வழக்கமாகிவிட்டது. பாணி என்பது ஒருவர் விரும்பித் தெரிந்துகொள்வது என்ற பொருளைத் தருவது. மலிவானதும் கெடாது நெடுநாள் இருப்பதுமான பதனிட்ட உணவைச் சந்தையில் நிரப்புவது யார்? பன்னிரண்டு மணிநேரம் கதிரையிலோ இயந்திரத்தின் முன்னரோ இருந்து உழைப்பவருக்கு உலாவச் செல்லும் ஓய்வு எங்கிருந்து கிடைக்கும்? இவ்வினாக்களை எழுப்பாது, நோயாளியின் நாவையும் சோம்பலையும் குற்றஞ்சாட்டுவது, உற்பத்தி முறையின் விளைவைத் தனிமனிதனின் ஒழுக்கக் குறைவாகத் திரித்துக் காட்டுவதாகும். மறுபுறத்தே, பழைய உணவுக்குத் திரும்பினால் நோயே அணுகாது என்னும் பழமைவாதக் கற்பனையும் ஏற்புடையதன்று. அளவறிந்து உண்டு, மதுவும் புகையும் தவிர்த்தோரும் இந்நோய்க்கு ஆளாகின்றனர். அபாயம் குறையலாம், முற்றாக நீங்குவதில்லை.

4. கண்டறிதலும் மொழியும்

இந்நோயின் அறிகுறிகள் சிலவற்றை யாவரும் அறிந்திருத்தல் நன்று. மலத்துடன் குருதி வெளியேறுதல், சில வாரங்களுக்கு மேல் நீடிக்கும் மலச்சிக்கலோ வயிற்றோட்டமோ, மலங்கழித்த பின்னரும் எஞ்சியிருப்பது போன்ற உணர்வு, வயிற்று நோவு, காரணமின்றி உடல் மெலிதல், களைப்பு ஆகியன அவை. பெருங்குடலின் வலப்பக்கத்திற் தோன்றும் புற்று, கண்ணுக்குப் புலப்படாதவாறு சிறிது சிறிதாகக் குருதியைக் கசியவிடுவதால், குருதிச்சோகையே முதலறிகுறியாக வெளிப்படுவதுண்டு. இடப்பக்கத்தில் குடல் ஒடுங்கியிருத்தலின் அடைப்பும் மலப்போக்கு மாற்றமும் விரைவிற் தோன்றும். இவ்வறிகுறிகள் உள்ளோரெல்லாம் புற்றுநோயாளர் அல்லர். ஆயின் அவை நீடிக்குமிடத்து மருத்துவரை நாடாதிருத்தல் தகாது.

இங்குத்தான் மொழி குறுக்கே நிற்கின்றது. நன்னூலார் தகுதி வழக்கின் மூவகையுள் ஒன்றாக இடக்கரடக்கலைக் கூறுவர். அவையிற் கூறத்தகாததை வேறு சொல்லால் மறைத்துக் கூறுவது அது. மலங்கழித்து வருதலைக் 'கால் கழுவி வருதல்' என்பது அதற்குக் காட்டப்படும் வழமையான எடுத்துக்காட்டு. நாகரிகம் கருதிய இவ்வழக்கை நாம் குறைகூறவில்லை. ஆயின், அவைக்குரிய நாணம் மருத்துவர் முன்னிலையிலும் தொடருமாயின் அது உயிருக்கு உலை வைப்பதாகிவிடும். குருதி கண்டவர் 'உடற்சூடு' என்கிறார்; அல்லது 'மூலம்' என்கிறார். நாட்டு மருந்திலோ கடையில் வாங்கிய களிம்பிலோ மாதங்கள் கழிகின்றன. பெண்களிடத்து இத்தயக்கம் இருமடங்காகின்றது. மூலநோயிலும் குருதி வரும் என்பது உண்மையே. இரண்டையும் வேறுபடுத்துவதற்குப் பரிசோதனையன்றி வேறு வழியில்லை.

நாணத்துக்கு அப்பால் அச்சமும் உண்டு. தாமே புற்றுநோய்க்கு ஆளாகிய அமெரிக்க எழுத்தாளர் சூசன் சொன்ராக், 1978 இல் வெளியிட்ட நூலிலே, நோயை உருவகமாக்கும் வழக்கம் நோயாளியின் துன்பத்தைப் பெருக்குகின்றது என வாதிட்டார். ஊழலையும் இனவாதத்தையும் 'சமூகத்தின் புற்றுநோய்' என எழுதுவது எம்மிடையேயும் பெருவழக்கு. முற்போக்கு எழுத்தாளரும் இதற்கு விலக்கல்லர். இவ்வுருவகம் ஒவ்வொரு முறை கையாளப்படும்போதும், அந்நோய் தீர்க்கவொண்ணாதது, வெறுக்கத்தக்கது என்னும் எண்ணம் வலுப்பெறுகின்றது. உண்மையோ வேறு. குடற்சுவரைத் தாண்டாத நிலையிற் கண்டறியப்பட்ட பெருங்குடற் புற்றுநோயாளருள், அமெரிக்கத் தரவுகளின்படி, நூற்றுக்குத் தொண்ணூறு பேரளவில் ஐந்து ஆண்டுகளின் பின்னரும் வாழ்கின்றனர். ஈரல், நுரையீரல் முதலிய தொலையுறுப்புகளுக்குப் பரவிய பின் கண்டறியப்பட்டோருள் அவ்வாறு வாழ்வோர் பதினைந்து பேரளவினரே. இவ்விரு எண்களுக்கும் இடைப்பட்ட தூரம் காலத்தின் தூரமாகும்.

அறிகுறி தோன்றுமுன்னரே தேடிக் கண்டறியும் வழிகளும் உள்ளன. மலத்திற் கண்ணுக்குப் புலனாகாத குருதியைக் கண்டறியும் சோதனை எளியது, மலிவானது. வீட்டிலிருந்தே மாதிரியை வழங்கலாம். அதில் ஐயம் தோன்றின் பெருங்குடல் அகநோக்கிப் பரிசோதனை, அதாவது கொலோனொஸ்கொப்பி, செய்யப்படும். வளையக்கூடிய குழாயொன்றைக் குதவழியே செலுத்திக் குடல் முழுவதையும் பார்வையிடும் முறை இது. 1969 இல் நியூயோர்க்கில் வில்லியம் வூல்வ், ஹிரோமி ஷின்யா ஆகியோர் இக்கருவியினூடாகக் கம்பித்தடம் செலுத்தி, வயிற்றைக் கீறாமலே முளையை அகற்றும் முறையை உருவாக்கினர். கண்டறிதலும் தடுத்தலும் ஒரே செயலாக இணைந்தமை மருத்துவ வரலாற்றில் அரிதானதொரு நிகழ்ச்சி. புற்று என ஐயுறப்படின் இழையத் துணுக்கு எடுத்து ஆராயப்படும். எங்கெங்குப் பரவியுள்ளது என்பதை சீ.ரி. ஸ்கான் காட்டும். சாதாரண அபாயமுடையோர் 45 வயதிலிருந்தே பரிசோதனையைத் தொடங்குமாறு அமெரிக்காவில் 2021 இற் பரிந்துரைக்கப்பட்டது. குடும்பத்தில் இந்நோய் கண்டோர் அதற்கு முன்னரே தொடங்க வேண்டும்.

5. சிகிச்சை

சிகிச்சையைத் தீர்மானிப்பது நோயின் படிநிலை. 1932 ஆம் ஆண்டில் இலண்டன் சென். மார்க்ஸ் வைத்தியசாலையின் நோயியலாளர் கத்பேட் டியூக்ஸ், நேர்குடற் புற்றுநோயை, சுவருக்குள் அடங்கியது, சுவரைத் தாண்டியது, நிணநீர்க் கணுக்களை அடைந்தது என மூவகைப்படுத்தினார். இன்று கையாளப்படும் விரிவான படிநிலைப் பாகுபாட்டுக்கு இது முன்னோடியாகும். 1835 இல் அவ்வைத்தியசாலை தொடங்கப்பட்டது, குதநோய்களால் வருந்திய ஏழைகளுக்காகவே என்பதும் ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

சத்திர சிகிச்சையே இன்றும் அடிப்படை. புற்றுள்ள குடற்பகுதியும் அதனைச் சார்ந்த நிணநீர்க் கணுக்களும் ஒருங்கே அகற்றப்பட்டு, எஞ்சிய முனைகள் இணைக்கப்படுகின்றன. உடனே இணைத்தல் இயலாதவிடத்து, குடல் வயிற்றுச் சுவரில் திறக்கப்பட்டு மலம் பையொன்றிற் சேகரிக்கப்படும். பலருக்கு இது தற்காலிகமானது, சிலருக்கு நிலையானது. அப்பையுடன் உழைக்கவும் மணவாழ்வு நடத்தவும் இயலும்.

நிணநீர்க் கணுக்களை நோய் அடைந்திருப்பின், சத்திர சிகிச்சையின் பின் இரசாயனச் சிகிச்சை வழங்கப்படும். 1957 இல் சாள்ஸ் ஹைடெல்பேகரும் அவருடன் பணியாற்றியோரும் அறிமுகப்படுத்திய 5-புளோரோயுராசில் என்னும் மருந்து இன்றும் அதன் முதுகெலும்பாக உள்ளது. அதனுடன் ஒக்சாலிபிளாற்றின் என்னும் மருந்தைச் சேர்ப்பது நோய் மீளாதிருத்தற்கு மேலும் உதவுகின்றது என 2004 இல் நிறுவப்பட்டது. கதிர்வீச்சுச் சிகிச்சை நேர்குடற் புற்றுநோயிலேயே பெரிதும் பயன்படுகின்றது. ஈரலில் மட்டும் பரவியவிடத்து அப்பகுதியையும் அகற்றிச் சிலரைக் குணப்படுத்த இயல்கின்றது. உடலின் சொந்த நிர்ப்பீடன ஆற்றலைத் தூண்டும் பெம்ப்றோலிசுமாப் போன்ற மருந்துகள் அண்மைக்காலப் பேறுகள். வழுத்திருத்தும் ஆற்றலை இழந்த புற்றுக்களில் மட்டுமே அவை சிறந்த பயனளிக்கின்றன, அத்தகையோர் சிறுபான்மையினர். தையற்காரப் பெண்ணின் குடும்பத்தைத் தாக்கிய அதே பழுது, அவருக்குப் பின் நூறாண்டுகள் கழித்து, சிகிச்சைக்கான வாயிலாகவும் அமைந்தமை குறிப்பிடத்தக்கது. ஆயின், ஆக்கவுரிமையின் காப்பிலுள்ள மருந்துகளின் விலையை நிர்ணயிப்பது நோயாளியின் தேவையன்று, இலாபமே.

2025 இல் வெளியான ஆய்வொன்றையும் இங்குச் சுட்டுதல் பொருந்தும். இரசாயனச் சிகிச்சையை முடித்த 889 பெருங்குடற் புற்றுநோயாளருள் ஒரு சாராருக்கு உடல்நலக் கையேடுகள் மட்டும் வழங்கப்பட்டன. மறு சாராருக்கு மூன்றாண்டுகள் ஆலோசகரின் தொடர்ந்த துணையுடன் உடற்பயிற்சித் திட்டம் வழங்கப்பட்டது. எட்டு ஆண்டுகளின் பின் உயிர்வாழ்ந்தோர் முன்னையவருள் 83 வீதத்தினர். பின்னையவருள் 90 வீதத்தினர். அறிவுரை வேறு, ஆதரவு வேறு.

6. டெலவேயர் தரும் பாடம்

1971 ஆம் ஆண்டில், வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளர் கிராமமொன்றில் மருத்துவராகப் பணியாற்றிய ஜூலியன் ரியூடர் ஹாட் 'தலைகீழ்க் கவனிப்பு விதி' என ஒன்றை வகுத்தார். நல்ல மருத்துவ வசதி யாருக்கு மிகவும் தேவையோ அவருக்கே அது மிகவும் அரிதாகக் கிடைக்கின்றது என்பதும், சந்தைச் சக்திகள் எங்கு ஓங்குகின்றனவோ அங்கே இவ்விதி வன்மையாகச் செயற்படுகின்றது என்பதும் அதன் சாரம். அமெரிக்காவிலே கறுப்பின மக்கள் வெள்ளையரைவிடக் கூடுதலாகப் பெருங்குடற் புற்றுநோய்க்கு ஆளாவதும், அதனினும் கூடுதலான விகிதத்தில் இறப்பதும் இவ்விதிக்குச் சான்றாகும்.

இந்த ஏற்றத்தாழ்வு இயற்கையானதோ என்னும் வினாவுக்கு அந்நாட்டின் டெலவேயர் மாநிலம் விடையளித்தது. அது சோசலிச ஆட்சி நடைபெறும் இடமன்று. பெருங் கூட்டுத்தாபனங்கள் வரிச்சலுகை நாடித் தம்மைப் பதிவு செய்துகொள்ளும் மாநிலம். அங்கே இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு திட்டம் செயற்படுத்தப்பட்டது. காப்புறுதி இல்லாதோருக்குப் பரிசோதனைச் செலவை அரசு ஏற்றது. நோய் காணப்பட்டோரின் சிகிச்சைச் செலவையும் ஏற்றது. மக்களை நாடிச் சென்று, விளக்கி, திகதி ஒழுங்கு செய்து, பரிசோதனை முடியும்வரை வழித்துணையாக நிற்பதற்குத் தாதியர் நியமிக்கப்பட்டனர். 2002 இற்கும் 2009 இற்குமிடையில் பரிசோதனை செய்துகொண்ட கறுப்பினத்தவர் 48 வீதத்திலிருந்து 74 வீதமாக உயர்ந்து வெள்ளையருக்குச் சமமாயினர். அவர்களிடையே முற்றிய நிலையிற் கண்டறியப்பட்டோர் 79 வீதத்திலிருந்து 40 வீதமாகக் குறைந்தனர். இறப்பு வீதம் 42 வீதத்தாற் குறைந்து, வெள்ளையரின் இறப்பு வீதத்தை ஏறத்தாழ எட்டியது.

இவ்வேழு ஆண்டுகளில் புதிய மருந்தெதுவும் அம்மக்களுக்கெனக் கண்டுபிடிக்கப்படவில்லை. அவர்களுடைய பரம்பரையலகுகள் மாறவில்லை. 'பண்பாடு' எனக் கூறப்படுவதும் மாறவில்லை. அறிவுக்கும் அவர்களுக்குமிடையே நின்ற பணத்தடையும் வழித்தடையும் அகற்றப்பட்டன. ஏற்றத்தாழ்வுக்கு இனத்தையும் பண்பாட்டையும் காரணங்காட்டிய விளக்கங்கள் பல இதனால் வலுவிழந்தன. முதலாளித்துவ அமைப்பினுள்ளும் பொது முயற்சி பயன் தரும் என்பதையும், அத்தகைய முயற்சி விதிவிலக்காக இருப்பதே அவ்வமைப்பின் இயல்பு என்பதையும் டெலவேயர் ஒருங்கே உணர்த்துகின்றது.

7. முடிவுரை

இலங்கையின் நிலைமையை விரிவாக ஆராய்தல் இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. எனினும் இரு கருத்துக்களைக் குறிப்பிடலாம். இலவச வைத்திய சேவை எமது மக்கள் போராடிப் பெற்ற பெரும் பேறு. மஹரகமவிலும் தெல்லிப்பழையிலும் சிகிச்சை பெறும் ஏழை நோயாளி அதன் பயனை நேரில் அறிவார். ஆயின், கட்டணமின்மை மட்டும் தடையின்மை ஆகாது. நாட்சம்பளம் பெறும் தோட்டத் தொழிலாளி ஒருவர் பரிசோதனைக்குச் செல்லும் நாளின் கூலியை இழக்கிறார்; போக்குவரத்துச் செலவையும் தாமே ஏற்கிறார்; தமக்கு விளங்காத மொழியில் விளக்கமும் பெற நேரலாம். இரண்டாவதாக, 2022 ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி நெருக்கடியின்போது மருந்துத் தட்டுப்பாட்டினால் சத்திர சிகிச்சைகள் பிற்போடப்பட்டமையை நாம் அனைவரும் கண்டோம். கடன்கொடுத்தோரின் கணக்கேட்டுக்கும் நோயாளியின் கட்டிலுக்கும் உள்ள தொடர்பு அப்பொழுது மறைவின்றிப் புலப்பட்டது.

மொழியாளர்க்கும் எழுத்தாளர்க்கும் இதிலொரு கடமையுண்டு. மலம், குருதி, குதம் என்னும் சொற்களை நாணமின்றி வழங்கும் தெளிவான தமிழிலே இந்நோய் பற்றிய அறிவு கிராமத்தையும் தோட்டத்தையும் தொழிற்சாலையையும் அடைதல் வேண்டும். நோயை வசைச்சொல்லாக்கும் வழக்கத்தை நாம் கைவிடுதல் வேண்டும். இவை சிறுபணிகளே. இவற்றால் மட்டும் ஏற்றத்தாழ்வு ஒழிந்துவிடாது. பரிசோதனையும் சிகிச்சையும் யாவருக்கும் உரிய உரிமையாகும் சமூக மாற்றத்துக்கான போராட்டத்தின் ஒரு கூறாகவே இவை பொருள்பெறும். பெருங்குடலிலே தோன்றும் முளை பணக்காரரிடத்தும் ஏழையிடத்தும் ஒரே வேகத்திலேயே வளர்கின்றது. அது தரும் பத்தாண்டுகள் எல்லோருக்கும் பத்தாண்டுகளாகவே கிடைக்கும்படி செய்வது மனிதர் கையில் உள்ள பணியாகும்.